வேலூரில் ஓர் ஆர்மி வீடு, வராத ஒரு பார்சல்

என் மகளின் 14-வது பிறந்தநாளுக்காக 2024 ஏப்ரல் மாதம் ஒரு பொருளுக்குப் பணம் கட்டினேன். அது இன்றுவரை வரவில்லை, இனி வரவும் போவதில்லை. நாலு தடவையாகப் போனது மொத்தம் 14,250 ரூபாய். ராணிப்பேட்டையில் ஒரு தோல் செருப்புக் கம்பெனியில் வேலை பார்க்கிற எனக்கு அது பெரிய பணம். அதைவிடப் பெரிய பாரம், 26 நாள் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் நான் மட்டும் சுமந்தது. நம் பிள்ளைகளுக்குப் பிடித்த கொரியப் பாட்டுக் குழுக்களின் பொருட்களை வாங்கப் போகிற அப்பா அம்மாக்களுக்கு இதைத் தமிழில் யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அதற்காகத்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இது புரியும். அம்மாவுக்குச் சொந்த ஊர் வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டை. ராணுவப்பேட்டை என்றே அதைச் சொல்வார்கள், வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருந்திருப்பார். என் அப்பாவும் மிலிட்டரிதான். அதற்கு இரண்டு வருடம் முன்பு என் மகள் பிடிஎஸ் என்ற கொரியக் குழுவின் பாட்டைக் கேட்க ஆரம்பித்து, ஒருநாள் சாப்பிடும்போது "ஆயா, நான் ஆர்மி" என்றாள். அந்தக் குழுவின் ரசிகர்களுக்கு ஆர்மி என்றுதான் பெயர். அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "பொண்ணுங்களை இந்த வயசுலயே எடுக்கறாங்களா?" என்று கேட்டார். அன்று மகள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அப்புறம் உட்கார்ந்து ஆயாவுக்கு எல்லாவற்றையும் விளக்கினாள். ஏழு பையன்கள், 2013 ஜூன் மாதம் பாட ஆரம்பித்தவர்கள், பெரியவர் ஜின், கடைக்குட்டி ஜங்குக். கடைக்குட்டிக்குக் கொரிய மொழியில் மக்னே என்பார்களாம். பையன்கள் தங்களைவிடப் பெரியவரை ஹியோங் என்பார்கள், பெண்கள் ஓப்பா என்பார்கள், யாரும் மூத்தவரை வெறும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். இதைக் கேட்டதும் அம்மாவுக்கு அந்தப் பையன்கள் மேல் மரியாதை வந்துவிட்டது. முடிக்கு நீலச் சாயம் அடித்ததைக்கூட மன்னித்துவிட்டார்.

அப்பாவை அவர்களும் அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பக்கத்து அறையில் மகள் கொரியத் தொடர் பார்க்கும்போது ஒரு பெண் "அப்பா" என்று கூப்பிட, கூடத்திலிருந்து நான் "என்னம்மா?" என்று குரல் கொடுத்திருக்கிறேன். ஒருமுறை இல்லை, பல முறை. இந்த மாதிரிச் சின்னச் சின்ன விஷயங்களால்தான் அவளுடைய உலகம் எனக்கும் பிடித்துப்போனது. தென்கொரியாவில் உடல்தகுதி உள்ள எல்லா ஆண்களும் பட்டாளத்தில் இருந்தே ஆக வேண்டும், தரைப்படையில் 18 மாதம். உலகமே கொண்டாடுகிற பாடகனுக்கும் விலக்கு கிடைக்கவில்லை. 2022 டிசம்பரில் ஜின் போனார், அடுத்த ஒரு வருடத்தில் ஏழு பேரும் கட்டாயச் சேவைக்குப் போய்விட்டார்கள். மகள் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நாட்களை அடித்துக்கொண்டே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அம்மா, "உங்க தாத்தா லீவுல வர்ற நாளை நானும் இப்படித்தான் செவுத்துல கோடு போட்டு எண்ணுவேன்" என்பார். எனக்கே தெரியாத கதைகள் அவை. காட்பாடி ஸ்டேஷனில் இரும்பு டிரங்குப் பெட்டியோடு அப்பா இறங்கியது, பெட்டிக்குள் இருந்த கம்பளி வாசனை, எல்லாம் பேத்தியிடம்தான் முதலில் சொன்னார். நாப்பத்தாறு வருடம் மகனாக இருந்து நான் கேட்டு வாங்காததை, ஒரு பாட்டுக் குழு வாங்கிக் கொடுத்தது.

இவ்வளவு சந்தோஷம் கொடுத்த விஷயத்துக்கு நாமும் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. அந்தக் குழுவின் ரசிகர்கள் கச்சேரியில் கையில் பிடிக்கிற ஒரு விளக்கு இருக்கிறது, லைட் ஸ்டிக் என்பார்கள். போனோடு ப்ளூடூத்தில் இணையும். கச்சேரியில் அரங்கத்தில் உள்ள அத்தனை விளக்குகளும் ஒரே நேரத்தில் நிறம் மாறும். அதன் வீடியோவை ஒருமுறை என்னிடம் காட்டி, "இது ரொம்ப விலைப்பா, சும்மா பாரு" என்றாள். சும்மா பாரு என்று பிள்ளை சொன்னால் அப்பா மனசு சும்மா இருக்குமா? ஜூன் 28 பிறந்தநாள். இன்வெர்ட்டர் பேட்டரிக்காகச் சேர்த்து வைத்திருந்த பணம் பீரோவில் இருந்தது. மனைவியிடமும் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. திடீரென்று கொடுத்து அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் மனசில் இருந்தது.

இன்ஸ்டாகிராமில் தேடியபோது ஒரு கணக்கு கிடைத்தது. பிடிஎஸ் ரசிகர்களுக்குப் பிடித்த ஊதா நிறத்தில் அழகாக இருந்தது. பத்தாயிரத்துக்கு மேல் பின்தொடர்பவர்கள். அசல் லைட் ஸ்டிக்கும் ஓர் ஆல்பமும் சேர்த்து 6,500 ரூபாய், குரூப் ஆர்டர் என்று போட்டிருந்தார்கள். குரூப் ஆர்டர் என்பது உண்மையிலேயே இருக்கிற நடைமுறைதான், இதைத் தெரிந்துகொள்வது முக்கியம். கொரியாவிலிருந்து ஒற்றைப் பொருளை வரவழைத்தால் அனுப்பும் செலவு பொருளின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதனால் முப்பது நாற்பது பேர் சேர்ந்து ஒருவர் மூலமாக ஒரே பெட்டியில் வரவழைத்துப் பிரித்துக்கொள்வார்கள். முதலில் பொருளின் விலை, பெட்டி கிளம்பியபின் அனுப்பும் செலவில் அவரவர் பங்கு என்று இரண்டு தடவை பணம் கேட்பதும் வழக்கம்தான். என்னை ஏமாற்றியவர்கள் இந்த நேர்மையான வழக்கத்தின் மேல் ஏறித்தான் வந்தார்கள். அதனால்தான் இரண்டாவது தடவை கேட்டபோதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

ஏப்ரல் 22-ஆம் தேதி 6,500 அனுப்பினேன். யுபிஐயில் எண்ணைப் போட்டதும் ஓர் ஆணின் பெயர் வந்தது. என்னோடு பேசிக்கொண்டிருந்ததோ ஒரு பெண் பெயர். கேட்டேன். "அண்ணன் அக்கவுண்ட் அங்கிள்" என்று பதில் வந்தது. அங்கிள் என்ற அந்த ஒரு வார்த்தையில் நான் கரைந்துபோனேன், என் மகள் வயதுப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். மே 3-ஆம் தேதி அனுப்பும் செலவு என்று 1,850. இந்த முறை வேறு எண், வேறு பெயர். கடையோ ஆளோ ஒன்றுதான் என்றால் ஒவ்வொரு தடவையும் கணக்குப் பெயர் மாற வேண்டிய அவசியமே இல்லை. பணம் அனுப்பும் முன் திரையில் வருகிற அந்தப் பெயர் வங்கிக் கணக்கில் உள்ள பெயர். அதையும் நம்மோடு பேசுகிறவரின் பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும். பொருந்தவில்லை என்றால், என்ன காரணம் சொன்னாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கிளம்பிய பார்சலுக்கு ஒரு டிராக்கிங் எண்ணும் அனுப்பினார்கள். இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் மறுபடி இரண்டு எழுத்து. பார்க்க நிஜமாகவே இருந்தது. நான் அதை எங்கேயும் போட்டுப் பார்க்கவில்லை. பின்னால்தான் தெரிந்தது, வெளிநாட்டுத் தபால் பார்சல் எண்ணின் கடைசி இரண்டு எழுத்து அது கிளம்பிய நாட்டைக் குறிக்கும். கொரியாவிலிருந்து வருவது 'கேஆர்' என்று முடியும். எனக்குக் கொடுத்தது 'ஐஎன்' என்று முடிந்தது, அதாவது இந்தியாவிலிருந்து யாரோ யாருக்கோ அனுப்பிய தபாலின் எண். இந்தியா போஸ்ட் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டிருந்தால் மே மாதத் தொடக்கத்திலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். மிச்சம் 5,900 ரூபாயாவது தப்பியிருக்கும்.

மே 16, மதியச் சாப்பாட்டு நேரம். வேறு ஓர் எண்ணிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. சுங்கத்துறை முத்திரை போட்ட ஒரு கடிதம். உங்கள் பார்சல் சென்னையில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, 2,900 ரூபாய் வரி கட்டாவிட்டால் திருப்பி அனுப்பப்படும், அபராதமும் உண்டு என்று இருந்தது. எனக்குக் கை நடுங்கியது. சட்டம், அபராதம் என்று பார்த்ததும் யோசிக்கிற புத்தி நின்றுவிடுகிறது. உடனே கட்டினேன். மறுநாள் சரிபார்ப்பு டெபாசிட் என்று இன்னொரு 3,000, பார்சலோடு திருப்பித் தந்துவிடுவோம் என்றார்கள். அதையும் கட்டினேன். வெளிநாட்டிலிருந்து வரும் பொருளுக்குச் சுங்க வரி உண்டு, அது உண்மை. ஆனால் தபாலில் வந்தால் வரியை நோட்டீஸோடு தபால்காரர் வீட்டுக்கு வந்தோ தபால் நிலையத்திலோதான் வாங்குவார்கள், ரசீது கிடைக்கும். தனியார் கூரியர் என்றால் அடையாளச் சான்று கேட்டு அவர்களுடைய சொந்த இணையதளம் வழியாக வாங்குவார்கள். சுங்க அதிகாரி யாரும் தனி ஆளின் யுபிஐ எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் பணம் கேட்க மாட்டார். திருப்பித் தருகிறோம் என்று சொல்லிக் கேட்கும் பணம் எந்தப் பெயரில் வந்தாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மே 18 காலை அந்தக் கணக்கு என்னை பிளாக் செய்துவிட்டது. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த சில செய்திகளையும், அந்தச் சுங்கக் கடிதம் உட்பட, அழித்திருந்தார்கள். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். ராணிப்பேட்டை வந்து எல்லோரும் இறங்கியும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. கண்டக்டர் தோளைத் தட்டினார். பணத்தைவிட, அந்த அங்கிள் என்ற வார்த்தைதான் வலித்தது. என் மகளை நினைத்து நம்பிய இடத்தில் அடி விழுந்தது.

அதே வாரம் இன்வெர்ட்டர் பேட்டரி சுத்தமாக உயிரை விட்டது. வேலூர் மே மாதம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம், 42, 43 டிகிரி சாதாரணம். ராத்திரி கரண்ட் போனால் ஐந்து பேரும் மொட்டை மாடிக்குப் போய்விடுவோம். "ஏங்க, பேட்டரி என்னாச்சு?" என்று மனைவி கேட்டபோது கடையில் சரக்கு வரவில்லை என்று சொன்னேன். கல்யாணமாகி பதினேழு வருடத்தில் பண விஷயத்தில் அவளிடம் நான் சொன்ன முதல் பொய். அம்மா பனையோலை விசிறியால் சின்னவனுக்கு விசிறிக்கொண்டே தூங்கிப்போவார். அந்த விசிறி நின்றதும் நான் எடுத்து விசிறுவேன். எல்லோரும் தூங்கிய பிறகும் எனக்குத் தூக்கம் வராது. வங்கிக்கு ஒருநாள் போனேன். நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியதால் எங்களால் திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். அதோடு வழி முடிந்தது என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். அங்கேதான் நான் பெரிய தப்புப் பண்ணினேன், அதைக் கீழே சொல்கிறேன்.

ஜூன் 12, புதன்கிழமை. அன்றுதான் ஜின் பட்டாளத்திலிருந்து விடுதலை. கொரிய நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே ஐந்தரை. பள்ளி திறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, இருந்தும் மகள் ஐந்து மணிக்கே எழுந்துவிட்டாள். அம்மா அதற்கும் முன்னால் குளித்து விபூதி பூசிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். முகாம் வாசலில் ஜின் வெளியே வந்தார். குழுவில் ஐந்து பேர் விடுப்பு எடுத்து அவரைப் பார்க்க வந்திருந்தார்கள். தலைவர் ஆர்எம் சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மகளும் அழுதாள், சிரித்தாள். திரும்பி என்னைப் பார்த்து, "அப்பா, நீ ஏன் அழற?" என்றாள். நான் அழுதது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சமையலறையிலிருந்து மனைவியையும் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

யாரும் திட்டவில்லை. மனைவி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பேட்டரின்னு சொன்னியே, அதையாவது சொல்லியிருக்கலாமே" என்றாள். எப்போதும் வாங்க போங்க என்று பேசுகிறவள் ஒருமையில் பேசியதில் அவளுக்கு எவ்வளவு வலித்தது என்று புரிந்தது. மகள் என் போனை வாங்கி இன்னொரு கணக்கிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். சரியாக ஐந்து நிமிடம் பார்த்திருப்பாள். "அப்பா, இது ஃபேக்" என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவள் காட்டியதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்தவரை இதைவிட நல்ல பாடம் வேறு இல்லை.

பக்கத்தின் பெயரைத் தொட்டால், பல கணக்குகளுக்கு, எந்த மாதம் தொடங்கப்பட்டது, எத்தனை முறை பெயர் மாற்றப்பட்டது என்பது தெரியும். அந்தக் கணக்கு ஒன்பது முறை பெயர் மாறியிருந்தது. வேறு எதற்கோ பத்தாயிரம் பேரைச் சேர்த்த கணக்கை வாங்கி ஊதா நிறம் பூசியிருக்கிறார்கள். எல்லாப் பதிவிலும் கருத்துப் பகுதி மூடியிருந்தது. நேர்மையாகக் குரூப் ஆர்டர் நடத்துகிறவர்கள் அதைத் திறந்தே வைப்பார்கள், வாங்கியவர்கள் பெட்டி பிரிக்கும் வீடியோவில் அவர்களை டேக் செய்திருப்பார்கள், அந்த ஆட்களுக்கே செய்தி அனுப்பி விசாரிக்கலாம். கொரியக் கடையின் பில்லையும், வந்த பெட்டியைத் தங்கள் பெயர் எழுதிய சீட்டோடும் படம் எடுத்துப் போடுவார்கள். இந்தப் பக்கத்தில் இருந்த படங்களில் ஒன்றில் ஓரம் வெட்டப்பட்டிருந்தது. அந்த ஓரத்தில் இன்னொருவரின் பெயர் முத்திரை இருந்திருக்கிறது, அசல் படத்தை அவள் தேடி எடுத்தே காட்டினாள். அப்புறம் விலை. "லைட் ஸ்டிக், ஆல்பம் ரெண்டும் சேர்ந்து இந்த விலைக்கு வரவே வராதுப்பா" என்றாள். எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளை. அவளுடைய சிநேகிதிகள் வட்டத்தில் இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம். "என்னைக் கேட்டிருக்கலாமே, சர்ப்ரைஸ் எனக்கு எதுக்குப்பா" என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யச் சொன்னதும் அவள்தான், பள்ளியில் ஒரு காவல் துறை அம்மா வந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம். அன்று காலையே செய்தேன். ஒவ்வொரு தடவை பணம் போன தேதி, நேரம், தொகை, யுபிஐயில் வரும் 12 இலக்கக் குறிப்பு எண், நம் வங்கிப் பெயர், இவற்றைக் கேட்கிறார்கள். போனை எடுப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வரும். அதை வைத்து தேசிய சைபர் க்ரைம் இணையதளத்தில் படங்களோடு புகாரை முழுமையாகப் பதிவு செய்ய வேண்டும். பிறகு மாவட்ட சைபர் க்ரைம் காவல் நிலையத்துக்கும் போனேன். அங்கே பொறுமையாகக் கேட்ட அதிகாரி சொன்னது இன்னும் மனதைப் பிசைகிறது. புகார் வந்ததும் பணம் போன கணக்கை வங்கி மூலம் நிறுத்தி வைக்கத்தான் இந்த ஏற்பாடே இருக்கிறது, அப்படி நிறுத்தப்பட்ட பணம் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு, ஆனால் அது மணிக்கணக்கில் நடக்கிற ஓட்டம். கடைசி 5,900 போய் முடிந்த மே 17 அன்றே கூப்பிட்டிருந்தால் அதிலாவது ஏதேனும் சிக்கியிருக்கலாம். 26 நாளில் நாலு கணக்கும் துடைத்து எடுக்கப்பட்டிருந்தன. வெட்கம்தான் என் வாயைக் கட்டியது. ஏமாந்த அன்று உங்களுக்கும் அதே வெட்கம் வரும், வந்தாலும் முதலில் அந்த எண்ணுக்குப் போன் போட்டுவிடுங்கள். அரட்டை முழுவதையும் அன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எதிர்ப்பக்கம் அழித்துவிட்டால் நம் கையில் ஒன்றும் இருக்காது.

புகார் கொடுத்த கொஞ்ச நாளில் இன்னொருவர் செய்தி அனுப்பினார், 1,500 ரூபாய் கொடுத்தால் போன பணத்தை மீட்டுத் தருவதாக. ஏமாந்தவர்களைத் தேடி வருகிற இரண்டாவது கூட்டம் இது. இந்த முறை மகளிடம் காட்டினேன், இருவரும் சேர்ந்து அதையும் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டோம். அவள் தன் ரசிகர் வட்டத்தில் அந்தக் கணக்கின் படங்களைப் போட்டு எச்சரித்தாள். முதல் தவணை மட்டும் கட்டியிருந்த ஒரு பெண் அடுத்ததைக் கட்டாமல் நிறுத்திக்கொண்டாள். அது தெரிந்த அன்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

பேட்டரி ஜூலையில் தவணைக்கு வாங்கினோம். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று இந்த முறை நேராகவே கேட்டேன். லைட் ஸ்டிக் கச்சேரிக்குத்தானே, இங்கே கச்சேரியே இல்லையே, ஓர் ஆல்பம் போதும் என்றாள். இங்கேயே சரக்கு வைத்து விற்கிற ஒரு கடையில், பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுக்கிற முறையில், அவளே தேர்ந்தெடுத்தாள். 1,700 ரூபாய் ஆனது. பெட்டியைப் பிரிக்கும்போது குடும்பமே சுற்றி உட்கார்ந்தோம். ஒவ்வோர் ஆல்பத்துக்குள்ளும் போட்டோகார்டு வரும், ஏழு பேரில் யாருடைய படம் என்பது பிரித்தால்தான் தெரியும். அவளுக்குப் பிடித்தது கடைக்குட்டி. வந்தது ஜின். முகம் ஒரு நொடி வாடியது, அப்புறம் எழுந்து போய் ஆயாவிடம் கொடுத்துவிட்டாள். அம்மா அதை என் அப்பாவின் பட்டாள உடுப்புப் படத்தின் சட்டத்து ஓரத்தில் செருகி வைத்திருக்கிறார். ஜினுக்கு அடுத்து பட்டாளத்திலிருந்து வெளியே வர இருந்தவர் அதே குழுவின் ஜே-ஹோப், 2024 அக்டோபர் 17. அம்மா மாதக் காலண்டரைப் புரட்டி அந்தத் தேதியைச் சின்னவனை விட்டு ஊதா பேனாவால் வட்டம் போடச் சொன்னார்.